மீன்கள் பார்த்த மூலை

1957 ஜூன் பதினோராம் தேதி வட்டகொடை ரயில் நிலையத்தில், கொழும்பிலிருந்து வந்த ஆறு பீப்பாய் கடல்நீரும் ஒரு மூட்டை கடல் மணலும் பன்னிரண்டு மீன்களும் இறங்கின.

எல்லாம் தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குப் போயின. அங்கே வேலைக்காரனாக இருந்த வீரய்யாதான் மீன்களுக்கான கண்ணாடித் தொட்டியைத் தயார் செய்தான். பக்கத்துத் தோட்டத்துத் துரை எட்டு வருஷம் நல்லபாம்பு வளர்த்த தொட்டி அது. பாம்பு அதிலேயே செத்தது. அவர் தொட்டியை விற்றுவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார். அடியில் கிடந்த பழைய மணலை வாரிக் கொட்டச் சொல்லியிருந்தார் வீரய்யாவின் துரை. நல்லபாம்பு செத்த மண் நாலு பேர் காலில் மிதிபடலாமா? வீரய்யா அதில் ஒரு கை பால் தெளித்து, அப்படியே விட்டு, மேலே கடல் மணலைப் பரப்பிவிட்டான்.

“என்னண்ணே, கடலயே மலைக்கு ஏத்திட்டீங்க! நாளைக்குக் காலைப் பெரட்டுல வேலையாளுங்களோட அதுக்கும் பேரு போடுவாங்களா?” பீப்பாய் சுமந்துவந்த மூக்கன் சிரித்தான்.

துரை சிரிக்கவில்லை; வீரய்யாவிடம் திரும்பினார். “ஒரு மீன் செத்தாலும் நீ லயத்த விட்டுப் போகணும். பொண்டாட்டி, புள்ள, எல்லாம். வெளங்குதா?”

“வெளங்குதுங்க தொர.”

தொழிலாளர் வரிசை வீடுகளான அந்த லயத்தில் வீரய்யாவின் மனைவி அம்மாக்கண்ணு பிள்ளை பெற்று நாற்பது நாள்கூட ஆகவில்லை.

மறுநாள் பன்னிரண்டு மீன்களும் இடது மூலையில் நெருக்கியடித்து நின்றன. எல்லாம் எதிர்மூலையையே பார்த்தன. அங்கே மணலைத் தவிர ஒன்றுமில்லை. அடுத்த நாள் அவை வலது மூலைக்கு ஒதுங்கி இடது பக்கம் பார்த்தன. இரை தூவினால் தொடவில்லை. மணலில் ஒரு வளைந்த தடம். வீரய்யா குச்சியால் நிரவினான். தேநீர் கொடுத்துவிட்டு வந்து பார்த்தபோது தடம் மறுபடி இருந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் கொத்மலைப் பக்கமிருந்து ஏறிவந்த மூடுபனி ஜன்னல்களை வெள்ளையாக அடைக்கும்; தொட்டிக்குக் காற்றூதும் சின்ன மோட்டார் தொண்டைக்குள் பேசுவதுபோல் குமுறும்; கடல்நீரின் கவிச்சையை மீறி உருளைக்கிழங்கு வேகும் வாசம் மெல்ல எழுந்து கூடத்தை நிறைக்கும். அவன் சமையல்கட்டில் போய்ப் பார்த்தான். அடுப்பு அணைந்திருந்தது. பாம்பு கொட்டாவி விட்டால் வரும் வாசம் என்று லயத்தில் சொல்வார்கள்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

ஏழாம் நாள் பிற்பகல் மீன்கள் தொட்டி முழுக்க நீந்திக்கொண்டிருந்தன. இரை விழுந்ததும் பாய்ந்து தின்றன. வாசமில்லை. வீரய்யா எண்ணினான். பன்னிரண்டு. வாய்விட்டுச் சிரித்தான். லயம் தப்பியது.

பிறகு மூடியைப் பார்த்தான். கம்பிவலையின் ஒரு மூலை, உள்ளிருந்து வெளியே வளைந்திருந்தது.

தரையில் ஈரம். வளைந்து வளைந்து. விறாந்தையில் உப்புப் பூத்திருந்தது. படிகளில். தேயிலைக்கு நடுவே இறங்கும் குறுக்குப் பாதையில்.

லயத்துப் பக்கம்.

ஓடினான். கொழுந்தெடுக்கப் போன சனம் திரும்பவில்லை. வரிசையிலிருந்த மற்ற ஒற்றையறைக் காம்பராக்கள் பூட்டியிருந்தன. அவன் வாசலில் மட்டும் ஈரம்.

அம்மாக்கண்ணு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“மெதுவா வாங்க. இப்பதான் அசந்து தூங்குது. இன்னிக்கு நான் ஆட்டக்கூட இல்லீங்க. தூளி தானாவே ஆடுச்சு.”

தூளி இப்போது ஆடவில்லை. தரையைத் தொடுமளவு கனத்துத் தொங்கியது. அதன் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.