பன்னிரண்டு மணித் தையல்

“என் கண்ணைக் கட்டிவிட்டு, அறுத்தெடுத்த மருவைக் கையில வை வினய். தலைப்பக்கம் எது, கால்பக்கம் எதுன்னு அதுவே எனக்குச் சொல்லும், கேட்டோ!”

தியேட்டர் நர்ஸ் ஜெயபாய் இப்படிப் பீற்றிக்கொண்டது, தங்கை சுசீலாபாயின் முதுகு மருவை எடுத்த அன்று. முப்பது வருஷத்தில் ஒரு லட்சம் மருக்களுக்கு, லேப்பில் திசை தெரியத் தலைப்பக்க நுனியில் ‘பன்னிரண்டு மணித் தையல்’ என்ற கறுப்பு நூல் போட்டவள்; அந்த நூலை நீட்டினால் கரமனையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பலாமாம்.

“ரொம்பத் தள்ளாதீங்க சேச்சி, பெருமைக்கும் ஒரு அளவு வேணும்,” என்றான் லேப் வினய்.

அன்று விளக்கு பழுது. எப்போதும் ஜன்னல் பக்கம் தலை வைப்பதை விட்டு, சுசீலாவைத் தலை கதவுப் பக்கம் வரும்படி மாற்றிக் குப்புறப் படுக்கவைத்திருந்தார்கள். ஜெயபாயின் கை மட்டும் பழைய பழக்கத்தில் ஜன்னல் பக்க நுனியில் நூலைப் போட்டுவிட்டது.

நூல் போட்ட நுனியில் புற்று மிச்சம் என்று ரிப்போர்ட் வந்தது. படித்ததுமே தவறு புரிந்தது. ஒரு வார்த்தை போதும். பேர் கெடுமே என்று விழுங்கினாள். டாக்டர் தழும்புக்குத் தலைப்பக்கமாக மறுபடி அறுத்தார். புற்று கால்பக்கம் இருந்தது. எட்டே மாதத்தில் சுசீலாவைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள்.

லீவு முடிந்து வந்த முதல் மத்தியானம், ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்க, அதற்கடியில் சுசீலா பூசும் பவுடர் வாசனை மெல்லக் கசிய, மழை ஜன்னல் தகரத்தை விரல் விரலாகத் தட்ட, காலையில் தானே நூல் போட்ட மரு கிடந்த குப்பியை ஜெயபாய் லேப்பில் தூக்கிப் பார்த்தாள். யாரோ ஒரு டீச்சரின் தோள் மரு. கூரான நுனியில் போட்ட நூல், மழுங்கிய நுனியில் இருந்தது. அவள் போட்ட அதே முடிச்சு.

நூலை வெட்டினாள். சரியாகப் போட்டாள். மூடினாள்.

மறுபடியும் மாறியிருந்தது.

“வினய், சுசீலாவுக்கு நூலைத் தலைமாத்திப் போட்டது நான்தான். தெரிஞ்சும் சொல்லலை. இன்னைக்கு இதுவும் மாறுது. இந்த டீச்சரையும் தப்பான இடத்துல அறுத்துருவாங்க.”

“சங்கடத்துல என்னவோ தோணுது சேச்சி. நூல் எங்கேயாவது நகருமா?”

குப்பியை வாங்கினான். பார்த்தான். பிறகு அலமாரியை நிமிர்ந்து பார்த்தான்.

நாற்பது குப்பிகள். நாற்பது கறுப்பு நூல்கள். தோலுக்குள் புகுந்து. வெளியே வந்து. மறுபடி புகுந்து. மெல்ல. எல்லாம் கால்பக்கம் நோக்கி.

“நகருது சேச்சி,” என்றான் வினய். “சத்தியமா நகருது.”