காலையில் நெட் இல்லை

போன் அடித்தது.

எடுக்க வேண்டியவர் எடுக்கவில்லை. ஃபர்னிச்சர் கடை குடோனில், பிரிக்காத சோபாக்களுக்கு நடுவே மண்டை பிளந்து செத்துக் கிடந்தார்!

மதியம். கடையின் இன்னொரு பார்ட்னர் வீட்டு ஹாலில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார்.

"காலைல எங்க இருந்தீங்க?"

"வீட்லதான் சார். நெட் கட். லைன் வந்ததும் ஆர்டர் அனுப்பலாம்னு காத்துட்டு இருந்தேன்."

"தனியாவா?"

"ஆமா. வொய்ஃப் ஆபீஸ் போயிட்டா. வேணும்னா இதைப் பாருங்க."

போனை நீட்டினார். இன்டர்நெட் கம்பெனியின் குறுஞ்செய்தி... 'உங்கள் பகுதியில் காலை முதல் சேவை தடைபட்டுள்ளது.'

இன்ஸ்பெக்டர் அந்தக் கம்பெனிக்கே போன் போட்டார். ஆமாம் என்றார்கள். எங்கோ பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்களாம்.

"அடிக்கடி படுத்துக்குமோ?"

"வாரத்துல பாதி நாள் சார். ஆனா கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து இதே கம்பெனிதான். ஒருத்தனை நம்பிட்டா கடைசி வரைக்கும் நம்பணும். அக்கம்பக்கத்துல எல்லாரும் மாறிட்டாங்க. நான் மாறல."

பதக்கம் வாங்கியவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க பார்ட்னர் மாறப் போறதா கேள்விப்பட்டேனே. எதிர்க்கடையோட சேர்றதா..."

முகம் சுருங்கியது.

"அது அவன் இஷ்டம். நான்தான் காலைல பூரா இங்க உக்காந்து, மோடத்துல சிவப்பு லைட்டு எரியறதையே பாத்துட்டு இருந்தேனே."

பொத்தென்று ஒரு சத்தம்.

வாசலில் கைப்பையை நழுவவிட்டு நின்றாள் மனைவி. செய்தி கேட்டு ஆபீஸிலிருந்து ஓடி வந்திருந்தாள்.

"காலைல பூராவாங்க?"

"ஆமா."

"இந்த ஹால்லயா?"

"இங்கதான்னு சொல்றேன்ல."

அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"சார்... நான் இவருக்குத் துரோகம் பண்ணிட்டேன்."

கொலைக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தார் இன்ஸ்பெக்டர்.

"யாரோடம்மா?"

"வேற கம்பெனியோட சார்."

"என்னது?"

"போன வாரம் நெட் கனெக்‌ஷனை மாத்திட்டேன். சொன்னா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அதனால வைஃபைக்கு அதே பேரு, அதே பாஸ்வேர்டு போடச் சொன்னேன். பழசை ரத்து பண்ண மட்டும் மனசு வரல. கழட்டி பரண்ல போட்டுட்டேன்."

அலமாரிக்குப் போய், பூப்போட்ட துணியை விலக்கினாள்.

கறுப்பு மோடம் இருந்த இடத்தில் வெள்ளை மோடம். அத்தனையும் பச்சை விளக்கு!

புதுக் கம்பெனியிடமும் விசாரித்தார் இன்ஸ்பெக்டர். காலையில் இந்த வீட்டு லைன் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

"காலைல பூரா பாத்துட்டு இருந்தவருக்கு, மோடம் கலர் மாறினதுகூட தெரியலையே சார்?" என்று கணவரைக் கேட்டார்.

அவர் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவே இல்லை. மனைவியையே பார்த்தார். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடி? அவனும் இப்படித்தான்... கூடவே இருந்தான். குடோன்ல வச்சு, நேத்தே கையெழுத்து போட்டுட்டேன்டானு சிரிச்சுக்கிட்டே சொல்றான். சிரிக்கிறான் சார்..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

"வீட்லதான் இருக்கேன்னு என்கிட்டயும் போன்ல சொன்னீங்க," என்றாள் மனைவி. அழுகையில் குரல் உடைந்தது. "நான் மாத்தினது ஒரு டப்பாவைத்தாங்க. நீங்க ஒரு மனுஷனையே கொன்னுட்டு வந்து என் கையால காபி வாங்கிக் குடிக்க இருந்தீங்க."

விலங்கு மாட்டினார்கள். ஜீப்பில் ஏறும்போதும் முனகிக்கொண்டேதான் இருந்தார்.

"ஒருத்தருமே நிலையா இருக்கறதில்ல சார்..."

இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினார்.

"இனி அந்தக் கவலை வேண்டாம் சார். இப்பப் போற இடத்துல, நீங்களே மாறணும்னு கெஞ்சினாலும் நாங்க விடமாட்டோம்."