போர்வைக்குள் ஒரு மூக்கு

கோபிஷாவின் வீட்டுக்கு நாளைக்கு ஒரு புது ஆள் வரப்போகிறார். ஆளுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. வாயில் பல் இல்லை. தலையில் முடியும் அவ்வளவாக இல்லை. ஆனாலும் அவருக்காக வீடே தலைகீழாகிக் கிடந்தது.

அவர்தான் கோபிஷாவின் தம்பி. பிறந்து சில நாள்தான் ஆகிறது. அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

"நாளைக்குப் பனி கொட்டுமாம்," என்றார் அப்பா சயந்தன். "பச்சைக் குழந்தைக்குக் குளிர் கூடாது. அதுக்குள்ள வீட்டை ஆயத்தப்படுத்தோணும். உதவிக்கு வாறியோ பிள்ளை?"

"ஓம் அப்பா, வாறன்!"

முதலில் பல்கனியில் நின்ற கறிவேப்பிலைச் சட்டி உள்ளே வந்தது. பிறகு அப்பா ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி, ஜன்னல் ஓரமாக மெல்ல மெல்ல நகர்த்தினார். சுடரைப் பார்ப்பது கோபிஷாவின் வேலை.

"ஆடுது அப்பா, ஆடுது! இதுக்குள்ளால காத்து வருது!"

சுடர் ஆடிய இடத்திலெல்லாம் ஒட்டும் பஞ்சுப் பட்டியை வெட்டி ஒட்டினார்கள். ஒரு துண்டு மட்டும் எங்கே போனதென்றே தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் அது கோபிஷாவின் முழங்கையில் ஒட்டியிருந்தது தெரிந்தது.

கடைசியாக, தம்பி படுக்கப்போகும் அறை. அங்கே சுவரோரம் ஒரு நீளமான வெள்ளை இரும்பு இருக்கிறது. அதற்குள் சுடுதண்ணீர் ஓடினால் அறை சூடாகும். சுவிஸில் அவர்கள் இருக்கும் திரிம்பாக் ஊரில் தமிழ்ப் பிள்ளைகளும் அதை ஹைட்சுங் என்றுதான் சொல்லுவார்கள்.

அப்பா ஒரு குட்டிச் சாவியால் அதன் ஓரத்தைத் திருகினார். 'கிஸ்ஸ்ஸ்' என்று காற்று வெளியே வந்தது.

"அப்பா, அது ஏப்பம் விடுது!"

"கோடை முழுக்கச் சும்மா நிண்டது. வயித்துக்குள்ள காத்து நிரம்பியிட்டுது," என்று சிரித்தார் அப்பா. பிறகு ஓரத்தில் இருந்த வெள்ளைக் குமிழைத் தொட்டுக் காட்டினார். "இதுதான் இவரின்ர மூக்கு. அறை குளிரோ சூடோ எண்டு மோந்து பார்க்கும். குளிர் எண்டால் சுடுதண்ணியைத் திறந்துவிடும். சூடு எண்டால் தானே பூட்டிப்போடும்."

"கெட்டிக்கார மூக்கு!" என்றாள் கோபிஷா.

கொஞ்ச நேரத்தில் அறை கதகதப்பானது.

அப்போது அம்மாவிடமிருந்து போன் வந்தது. "இஞ்ச ஒரே பாணும் சீஸும்தான். வாய் செத்துப்போச்சு. வீட்டை வந்த உடன ஒரு தோசை சாப்பிடவேணும் போல கிடக்கு."

அப்பா உடனே உளுந்தை ஊறப்போட்டார். பிறகு அரைத்து, கரைத்து, பானையில் ஊற்றினார். ஆனால் குளிர்காலத்தில் தோசை மா அவ்வளவு லேசில் பொங்குமா?

"அம்மா எண்டால் ஹைட்சுங்குக்குப் பக்கத்தில வைப்பா," என்றாள் கோபிஷா.

அம்மா சும்மா பக்கத்தில் வைப்பார். அவ்வளவுதான். அப்பாவுக்கோ எதையும் குறையாகச் செய்யத் தெரியாது. தம்பியின் அறையில் ஹைட்சுங்கோடு ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டார். அதன்மேல் பானையை வைத்தார். பெரிய கம்பளிப் போர்வையை எடுத்துப் பானையையும் ஹைட்சுங்கின் ஓரத்தையும் சேர்த்து நன்றாகப் போர்த்தினார்.

"இனிப் பார், மா எப்பிடிப் பொங்குதெண்டு!"

பின்னேரம் கோபிஷா கடதாசி நட்சத்திரங்களோடு அந்த அறைக்குள் போனாள். தம்பியின் கட்டிலுக்கு மேலே கட்டுவதற்காக அவளே வெட்டியவை. நூலை முடியப் பார்த்தாள். விரல்கள் விறைத்தன. ஹைட்சுங்கின் நடுவில் கையை வைத்தாள். சில்லென்றது.

"அப்பா! ஹைட்சுங் குளிருது!"

அப்பா ஓடிவந்தார். சாவியால் திருகிப் பார்த்தார். ஏப்பம் வரவில்லை. மா கலங்கக் கூடாதே என்று, போர்வையை விலக்காமல் கையை மட்டும் உள்ளே விட்டுக் குமிழைக் கூட்டிவைத்தார். காத்திருந்தார்கள். அறை குளிர்ந்துகொண்டே போனது.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹெர் புர்க்கிக்குப் போன் போனது. அவர் ஊரில் இல்லை. திங்கட்கிழமைதான் வருவாராம்.

அப்பா கதிரையில் பொத்தென்று இருந்தார். "அப்ப அம்மாவும் தம்பியும் நேரா சூக் நகரத்தில இருக்கிற சித்தி வீட்டை போகட்டும். ஒரு கிழமை கழிச்சு இஞ்ச வரலாம்."

"ஒரு கிழமையோ?" என்றாள் கோபிஷா. "என்ர அறையில படுக்கட்டும் அப்பா! நான் நிலத்தில படுக்கிறன்."

"உன்ர அறையில உன்ர கட்டிலுக்கே இடம் காணாது குஞ்சு."

கோபிஷா கையிலிருந்த நட்சத்திரங்களைப் பார்த்தாள். தம்பி முதன்முதலில் பார்க்கப்போவது இவற்றைத்தான் என்று எத்தனை நாளாக நினைத்திருந்தாள்! இப்போது சித்தி வீட்டுச் சுவரைத்தான் பார்க்கப்போகிறார்.

"மா பொங்கிட்டுதோ எண்டு ஒருக்காப் பார் பிள்ளை," என்றார் அப்பா களைத்துப்போய். "சித்தி வீட்டை எண்டாலும் குடுத்துவிடலாம்."

கோபிஷா போர்வையைச் சற்றுத் தூக்கித் தலையை உள்ளே விட்டாள்.

அட! உள்ளே எவ்வளவு சூடு! உளுந்தும் புளிப்புமாக ஒரு வாசம். தலையை வெளியே எடுத்தாள். குளிர். மறுபடி உள்ளே விட்டாள். சூடு.

ஹைட்சுங் பழுதென்றால் உள்ளே எப்படிச் சூடு?

பானைக்குப் பின்னால் அந்த வெள்ளைக் குமிழ் தெரிந்தது. சுகமாக, போர்வைக்குள்.

"அப்பா! இது பழுதில்லை!" என்று கத்தினாள். "இவரின்ர மூக்கு போர்வைக்குள்ள இருக்கு! உள்ள சூடுதானே, அறை முழுக்கச் சூடெண்டு நினைச்சுப் பூட்டிப்போட்டார். வெளியில நாங்கள் நடுங்கிறது அவருக்குத் தெரியாது!"

அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "காலமை நான்தானே உனக்கு இதைச் சொல்லித் தந்தனான்!"

"ஓம். நான் மறக்கேல்லை. நீங்கள்தான் மறந்திட்டியள்."

போர்வை விலகியது. பானை சமையலறைக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் 'டிக், டிக்' என்று ஹைட்சுங்குக்குள் சத்தம் கேட்டது. கோபிஷா கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பு. இன்னும் கொஞ்ச நேரத்தில் கை சுட்டது.

அப்பா ஹெர் புர்க்கிக்கு மறுபடி போன் எடுத்தார். என்ன பழுது என்று அவர் கேட்டாராம். தோசை மாவின் கதையை ஜெர்மனில் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? "மேல ஒரு போர்வை கிடந்தது, அவ்வளவுதான்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

"மா பாவம் அப்பா, அதுக்கும் குளிரும்," என்றாள் கோபிஷா. தன்னுடைய முயல் படம் போட்ட சுடுதண்ணீர்ப் பையை நிரப்பச் சொல்லி வாங்கி, பானையோடு அணைத்துவைத்துப் போர்த்தினாள்.

"அப்ப உனக்கு?"

"எனக்கு நீங்கள் இருக்கிறியள்தானே."

மறுநாள் பனி பொல பொலவென்று கொட்டியது. அதற்குள்ளால் அம்மாவையும் தம்பியையும் ஏற்றிக்கொண்டு கார் வந்து நின்றது. அம்மா அறைக்குள் நுழைந்ததும் கோட்டைக் கழற்றினார். "அட, என்ன இதமாக் கிடக்கு!"

மா விளிம்புவரை பொங்கியிருந்தது. அப்பா சுட்ட முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. அடுத்தது சுவிஸ் வரைபடம் மாதிரி வந்தது. "ஜெனீவாப் பக்கம் நல்லா முறுகியிருக்கு," என்று சொல்லிச் சொல்லி அம்மா சாப்பிட்டார்.

கோபிஷா தம்பியின் கட்டிலருகே நின்றாள். மேலே நட்சத்திரங்கள் மெல்லச் சுழன்றன. தம்பியின் குட்டிப் போர்வை முகம்வரை ஏறியிருந்தது. அவள் அதை நாடிக்குக் கீழே மெதுவாக இழுத்துவிட்டாள்.

"மூக்கை மட்டும் மூடக்கூடாது தம்பி. பிறகு வெளியில என்ன நடக்குதெண்டு உங்களுக்குத் தெரியாமல் போயிடும்."

தம்பி அந்தச் சின்னஞ்சிறு மூக்கைச் சுருக்கி, தோசை மணக்கும் வீட்டை ஒருமுறை மோந்து பார்த்தார். பிறகு நிம்மதியாகத் தூங்கிப்போனார்.