முப்பத்துநாலு இன்ச் கறுப்பு

திரையில் செத்த பிக்சல் நகராது. செத்த இடத்திலேயே கறுப்பாகக் கிடக்கும். டெனிஷ் அந்தப் புள்ளிக்கு நேர் கீழே, மானிட்டரின் விளிம்பில் சின்னதாக ஒரு டேப் ஒட்டி வைத்துவிட்டுச் சாயா போடப் போனான். திரும்பி வந்தபோது டேப் இருந்த இடத்தில் இருந்தது. புள்ளி நாலு விரல் தள்ளிப் போயிருந்தது.

துணியால் துடைத்தான். நகத்தால் சுரண்டினான். கண்ணாடிக்கு மேலே ஒன்றும் இல்லை. மூக்கு முட்டக் கிட்டே போய்ப் பார்த்தபோது அதற்குக் கால்கள் இருந்தன.

பூச்சி. மழைக்காலத்தில் வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டுத் திரைக்குள் புகுந்துவிடும். நசுக்கக் கூடாது, நசுக்கினால் அங்கேயே ஒட்டிக்கொண்டு காலத்துக்கும் கறையாக நிற்கும். அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

மானிட்டர் பெனினுடையது. கூடப் படித்தவன், மார்த்தாண்டத்தில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிறான். முப்பத்துநாலு இன்ச் அகலத் திரை, இரண்டு பக்கமும் உள்வாங்கி வளைந்தது. மூன்று நாள் வைத்து, அன்றாட வேலைக்கு, கேமுக்கு, சினிமாவுக்கு எப்படி என்று பார்த்துச் சீட்டு எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தால் ஒன்றாம் தேதியிலிருந்து கடையில் வேலை. இல்லையென்றால் ஆறு மாதம் முன்பு யாரிடமும் சொல்லாமல் பாதியில் இறங்கி ஓடிவந்த பெங்களூர் கால்சென்டர் நைட் ஷிஃப்டுக்கே திரும்ப வேண்டும். நாலு வருடம் அதில் கிடந்திருக்கிறான். அதைவிடப் பக்கத்து அறையில் இருக்கும் ஒட்டுப்பால் சாக்கை நக்கலாம்.

ஒட்டுப்பால் என்பது ரப்பர் மரத்துப் பட்டையிலும் சிரட்டையிலும் வடிந்து உறைந்த மிச்சம். வீட்டுக்காரர் முத்துநாயகம் அருமனை வட்டாரம் முழுக்க அதை வாங்கிச் சாக்கில் கட்டி, டெனிஷின் அறைக்கு ஒட்டிய கிடங்கில் கூரை வரை அடுக்கியிருந்தார். புளித்த மோரில் செத்த எலியை ஊறவைத்த வாடை. மழை பெய்தால் அது சுவரிலிருந்தே கசியும், சோற்றில் ஏறும், தலையணையில் ஏறும், துவைத்துக் காயப்போட்ட சட்டையில் ஏறி உடம்போடு ஊர் சுற்றும். அதனால்தான் வாடகை குறைவு. அவனுக்கு மூக்கு பழகிவிட்டது.

கார் ஓட்டும் கேம் போட்டான். படம் திணறாமல் ஓடியது. ரோடு அகலமாக விரிந்து இரண்டு கண்ணோரமும் நிறைந்தது. ஆனால் வலது வளைவில், மரங்கள் ஓடுகிற இடத்தில், பூச்சிகள் ஏழெட்டு ஆகியிருந்தன. ஒன்று வெள்ளையாக இருந்தது. அதற்குக் கால் இல்லை, நெளிந்தது. அருவருப்பில் தன்னை மறந்து பெருவிரலால் அழுத்திவிட்டான். கண்ணாடிக்கு உள்ளேதான் அது நசுங்கியது. ஈரம் அவன் விரலில் இருந்தது.

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினான்.

பிறகு சினிமா. பழைய படம்; நடுவில் மட்டும் ஓடியது, இரண்டு ஓரமும் கறுப்புப் பட்டையாக நின்றன. அரைமணி நேரத்தில் மானிட்டர் சூடேறிப் பின்பக்கத் துளைகளிலிருந்து காற்று வந்தது. டெனிஷ் குனிந்து முகர்ந்தான். ஒட்டுப்பால் வாடை புளிக்கும். இது இனித்தது. தொண்டைக்குழியில் போய்ப் படிந்தது. இறைச்சிக்கடைப் பின்புறத்து வாளியில் நாலு நாள் கிடந்ததுபோல் கொழகொழவென்று ஓர் இனிப்பு.

போனை எடுத்தான்.

"இந்த மானிட்டர எங்கேயிருந்துலே எடுத்த?"

"ஏன் மக்கா, கலர் சரியில்லியா?" என்றான் பெனின்.

"கலர் நல்லாத்தான் இருக்கு. உள்ள புழு. நாத்தம் வேற."

"ஒட்டுப்பாலுக்குப் பக்கத்துல படுத்துக்கிட்டு நாத்தம்ங்குகான்! முதல்ல உனக்க மூக்க டெஸ்ட் பண்ணுலே."

"எங்கேயிருந்துன்னு கேட்டேன்."

"மலையோரத்துல ஒரு வீடு. ராஜமணின்னு ஒருத்தரு, மஸ்கட்ல இருந்து வந்தவரு, ஒத்தைக்குக் கிடந்தாரு. படம் பாத்துக்கிட்டே கசேரியில இருந்தபடியே செத்துப் போயிட்டாரு. ஒன்பது நாளாச்சு ஆளுவளுக்குத் தெரிய. பக்கத்துல ரப்பர் கிடங்குலா? எல்லாவனும் ஒட்டுப்பால் வாடைன்னு மூக்கப் பொத்திக்கிட்டுப் போயிருக்கானுவ."

"இத சொல்லாம தந்தியாலே?"

"தொடைச்சுதானே தந்தேன்? சவத்தை விடு. டாக்டருக்க மவன் ஒருத்தன் கேட்டுக்கிட்டு நிக்கான். நல்ல நிலைன்னு எழுதி ஒப்பு போடு. ஒண்ணாம் தேதி கடைக்கு வா. இல்ல, பெங்களூருக்குப் போயி ராத்திரி பூரா ஏச்சு வாங்கு."

டெனிஷ் எழுதினான். 'நல்ல நிலை. குறை ஒன்றும் இல்லை.' கையெழுத்துப் போட்டு, சனிக்கிழமை என்று கிழமையும் போட்டான். பெருவிரல் பட்ட இடத்தில் சீட்டு ஈரமானது.

ஒரே ஒரு சோதனை பாக்கி. திரை முழுக்கக் கறுப்பாக்கி, அறையையும் இருட்டாக்கி, ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பது. உச்சிப்பொழுது. கதவை இழுத்துச் சாத்தினான். பூட்டு தானாக விழுந்தது. ஜன்னலில் கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டான். ஓட்டின் மேல் மழை இரைந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கறுப்பைப் போட்டான்.

கீழ் மூலையில் வெளிச்சம் கசிந்தது. மஞ்சளாக, புண்ணில் வடியும் சலம் போல.

அந்த மஞ்சளில் அவன் நிழல் திரையில் தெரிந்தது. நாற்காலி. தோள். தலை.

கையைத் தூக்கினான்.

திரையில் இருந்தவன் தூக்கவில்லை.

வயிறு உப்பியிருந்தது. சட்டைப் பொத்தான் தெறித்திருந்தது. தோல் பச்சையும் கறுப்புமாகப் பளபளத்தது. ராஜமணி என்று நினைத்தான். சட்டையைப் பார்த்தான். நீலக் கட்டம்.

அவன் போட்டிருந்தது.

எழப் பார்த்தான். முதுகு நாற்காலியோடு ஒட்டியிருந்தது. கால் அசையவில்லை. இனிப்பு வாடை. இப்போது திரையிலிருந்து வரவில்லை. கழுத்துக்குக் கீழேயிருந்து வந்தது.

கதவு தட்டும் சத்தம்.

"டெனிஷே! எலே!" பெனின். "சனிக்கிழம பேசினான். இன்னைக்கு வியாழன். போன எடுக்கமாட்டேங்குகான்."

"நானும் பாக்கல பிள்ளே." முத்துநாயகத்தின் மனைவி பகவதி. "இழுத்தாலே பூட்டிக்கிடுத கதவாக்கும்."

"பெங்களூருக்கே ஓடியிருப்பான். சொல்லாம ஓடுகவன்தானே." பெனின் காறித் துப்பினான். "என்ன அக்கா, இந்த நாத்தம் நாறுது?"

"மழையில்லா? ஒட்டுப்பால் வாடை. ரெண்டு நாளா எனக்குச் சோறே இறங்கல."

"சாவி இருந்தா மானிட்டர எடுத்துட்டுப் போலாம்."

"சாவி அவருக்க கையிலாக்கும், திங்கக்கிழமதான் வருவாரு. வந்தா திறக்கச் சொல்லுகேன்."

டெனிஷ் கத்த வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. வாசலில் செருப்புகள் சேற்றில் சளக் சளக்கென்று நகர்ந்தன.

திரையில் இருந்தவனும் வாயைத் திறந்தான். உதட்டோரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வந்து நின்றது. நகர்ந்தது. அதன் பின்னால், பல் வரிசையைத் தள்ளிக்கொண்டு, வெள்ளையாக, நெளிந்து, மற்றவை.

நாக்கில் அவற்றின் ஈரம் தெரிந்தது.