சிவப்புப் பென்சில் கோடு

நடிகை டெல்மா ரோர்க்கை அடக்கம் செய்த மறுநாள், வழக்கம்போலக் காலை ஒன்பது மணிக்கு ஸ்டுடியோவின் எடிட்டிங் அறையைத் திறந்தேன். உள்ளே அவள் பூசும் கார்டினியாப் பூ செண்ட்டின் வாசனை. ஜன்னல் இல்லாத அறை, பழைய வாசனை தங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்திரண்டு வருஷம் அவள் படங்களை வெட்டி ஒட்டியவள் நான். வெட்ட வேண்டிய இடத்தில் பிலிமின் குறுக்கே சிவப்பு மெழுகுப் பென்சிலால் கோடு போடுவோம். டெல்மா திடுதிப்பென்று வந்து நிற்பாள். பிடிக்காத கோட்டைக் கட்டைவிரலில் எச்சில் தொட்டு அழித்துவிடுவாள்.

"இது நான் உயிரக் குடுத்து நடிச்சது, ஹேசல். எவன் சொன்னாலும் வெட்டாத."

இப்போது தயாரிப்பாளர் ஸ்ட்ராட்டன் சொல்லிவிட்டான். கடைசிப் படத்தில் அவள் தன் காட்சிகளை எல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் செத்திருந்தாள். அத்தனையும் பிரமாதம்.

"நாப்பத்தஞ்சு வயசுக்காரி மூஞ்சிய எவம்மா பாப்பான்? அவள மொத்தமா தூக்கிடு. புதுப் பொண்ண வெச்சு எடுத்துக்கலாம். வெட்டினத எரிச்சிடு."

மனசு வரவில்லை. ஆனாலும் வேலை போய்விடுமே என்று பென்சிலை எடுத்தேன்.

கோடு போட்டேன். கத்தரியை எடுக்கத் திரும்பினேன்.

கோடு இல்லை.

மறுபடி போட்டேன். அதுவும் இல்லை.

தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

"வெட்டாத, ஹேசல்."

காதோரம் மூச்சுக்காற்று பட்டது. பென்சிலை அப்படியே மேஜைமேல் போட்டுவிட்டேன். ஆனால் சொல்கிறேன், பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம்.

ஸ்ட்ராட்டன் உள்ளே வந்தான். "இன்னுமா ஆரம்பிக்கல?"

"என்னால முடியாது சார்."

"அப்ப நாளைலேர்ந்து வராத."

"சரி சார். அவள மட்டும் வெட்டாதீங்க."

அவனே கத்தரியை எடுத்தான். விளக்கு ஒரு நொடி அணைந்து எரிந்தது. மேஜை மேலிருந்த பென்சிலைக் காணோம்.

அவன் கழுத்தில், இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை, நேராக ஒரு சிவப்புக் கோடு.

மெழுகுக் கோடு துணி பட்டாலே போய்விடும். துடைத்தேன். போகவில்லை. சுவர்க் கண்ணாடியில் பார்த்தவன் கத்தரியை மெதுவாக மேஜைமேல் வைத்தான்.

படம் அவள் முகத்தோடுதான் வெளிவந்தது. முதல் காட்சிக்கு, ஆகஸ்ட் வெயிலிலும், ஸ்ட்ராட்டன் கழுத்தில் மப்ளர் சுற்றி வந்தான். திரையில் டெல்மா சிரித்தபோது என் பக்கம் சாய்ந்தான்.

"இது இன்னும் போகலம்மா."

எங்கள் இருவருக்கும் நடுவில் காலியாக இருந்த இருக்கையிலிருந்து கார்டினியா வாசனை வந்தது.

"அவளும் போகல சார்" என்றேன்.