பத்து மணிக்கு வராத மெசேஜ்

போன் அலறியது!

பல் டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த தம்பிக்காரன் துள்ளி எழுந்தான்.

அவன் எதிர்பார்த்த மெசேஜ் இல்லை. அக்கா!

"டேய்... அத்தான் எழுந்திரிக்க மாட்டேங்கறார்டா! உடம்பெல்லாம் சில்லுன்னு கிடக்குடா!"

"ஐயோ! இதோ வரேன்க்கா!"

குரலில் இருந்த பதற்றம் நடிப்பு.

காலை எட்டு மணிக்கு அத்தானின் காபியில் விஷம் கலந்தவனே அவன்தான். பரீட்சைக் கேள்வித்தாளை அவன் திருடி விற்றது தெரிந்து, போலீசுக்குப் போயே தீருவேன் என்று அத்தான் ஒற்றைக்காலில் நின்றார்.

அவர் மேஜையில் சாய்ந்ததும், அவருடைய லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து நாலு வரிக் கட்டளை தட்டினான். தனி சாப்ட்வேர் எதுவும் வேண்டாம். சரியாகப் பத்து மணிக்கு, அத்தான் பெயரில் அவனுக்கு ஒரு மெசேஜ் தானாகப் பறந்துவரும். பத்துக்கு அத்தான் உயிரோடு இருந்தார், அவனோ பல் டாக்டரிடம் இருந்தான் என்று அதுவே சாட்சி சொல்லும்!

பத்து ஆயிற்று. பதினொன்றும் ஆயிற்று. மெசேஜைக் காணோம்!

அவன் அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது, பக்கத்து வீட்டார் வரவழைத்திருந்த இன்ஸ்பெக்டர் அம்மா காபிக் கோப்பையை முகர்ந்துகொண்டிருந்தார்.

"கடைசியா எப்பம்மா பார்த்தீங்க?"

"ஒன்பதரைக்கு..." அக்கா விம்மினாள். "மேஜைல தலை சாய்ச்சிருந்தார். அசந்து தூங்கறார்னு நினைச்சு, லேப்டாப்பை மூடி வச்சுட்டுப் போயிட்டேன். பாவி நான்!"

மூடிவிட்டாளா!

மூடினால் லேப்டாப் தூங்கிவிடும். நேரம் தவறிய வேலை தவறியதுதான். அவனுடைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் அப்படித்தான். இனி மெசேஜ் வராது... அப்பாடா!

அக்கா அவன் தோளில் சாய்ந்து அழுதாள். அவளை இப்படி ஆக்கிவிட்டோமே என்று ஒரு கணம் அவனுக்கு நெஞ்சு வலித்தது. ஒரே கணம்தான்.

"அத்தானுக்கு அடிக்கடி நெஞ்சுவலி வரும் மேடம்..."

"அப்படியா தம்பி?"

இன்ஸ்பெக்டர் லேப்டாப்பைத் திறந்தார்.

திரை விழித்தது. தூக்கத்தில் விட்டுப்போன வேலையை, எழுந்ததும் முதல் காரியமாக முடிக்கிற ரகம் அந்த லேப்டாப்!

டிங்!

அவன் சட்டைப் பையில்.

"யாரு தம்பி?"

"ஒ... ஒண்ணுமில்ல மேடம்..."

இன்ஸ்பெக்டர் போனைப் பிடுங்கிச் சத்தமாகப் படித்தார்.

"'பல்வலி எப்படி இருக்கு? நான் இங்க நல்லா இருக்கேன். அத்தான்.'"

அக்கா நாற்காலியில் கிடந்த புருஷனைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் தோளிலிருந்து மெல்ல விலகினாள்.

"பாவி... நீயாடா?"

அவன் வாசல் பக்கம் நழுவப் பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் அவன் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"செத்தப்புறமும் மச்சானோட பல்லைப் பத்திக் கவலைப்படறாரே, என்ன மனுஷன்! வாங்க தம்பி, ஸ்டேஷன்ல எத்தனை பல்லு மிஞ்சுதுன்னு எண்ணிட்டு பதில் போடலாம்!"