கண்ணில் படாத ராணி

"சதுரங்கமும் யுத்தமே! நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு ஜவான்!"

மைக்கைக் கடித்துவிடுவார் போலிருந்தது, தென்னிந்தியர் சங்கத் தலைவர் ஸ்ரீனிவாசராகவன். 1999 ஜூலை. கார்கிலில் சண்டை, கல்கத்தாவில் மழை. லேக் பக்கத்துச் சங்க ஹாலில் செஸ் போட்டியின் கடைசிச் சுற்று. ஜவான்கள் மின்விசிறிக்குக் கீழே சிங்காரா, அதாவது வங்காளத்துச் சமோசா, தின்றுகொண்டிருந்தார்கள்.

"கார்கில்ல யாரு சூடா சிங்காரா குடுக்குறாங்களாம்..." என்று முணுமுணுத்தாள் வசுமதி.

எதிரே உட்கார்ந்திருந்த ஜெய்ராம் பக்கென்று சிரித்துவிட்டான்.

"கரெக்ட்தாங்க. ஆனா பேசறது எங்க அப்பா."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஸாரி... எங்க அண்ணன் அங்கதான் இருக்கான். சிவராஜ். ஜூன்ல ஒரு லெட்டர் வந்துச்சு. அப்புறம் ஒண்ணுமில்ல..."

ஜெய்ராமின் சிரிப்பு அணைந்தது. ஹவுரா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வந்திருந்தாள் அவள். வாசலையே பார்த்துக்கொண்டு நின்றவளை அம்மாதான், "போய் விளையாடு. எதாவது தெரிஞ்சா பக்கத்து வீட்டு போன்லேர்ந்து கூப்பிடறேன்" என்று துரத்தியிருந்தாள்.

ஆட்டம் தொடங்கியது. பெரிய கண்கள் அவளுக்கு... கொட்டவா வேண்டாமா என்று யோசிக்கும் மேகம் போல. அவன் அப்பாவாக இருந்தால் அந்தக் கண்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்பார். மகனுக்கோ பேச்சே வரவில்லை. ஆபீஸ் அறை டெலிபோன் பக்கம் அந்தக் கண்கள் போகும்போதெல்லாம் இவன் கண்களும் கூடவே போய்த் திரும்பின.

போன் மேலிருந்த அந்தக் கவனத்தில்தான் அவள் தன் ராணியைக் கொண்டுபோய் அவன் குதிரையின் வாயில் வைத்தாள். கையை எடுத்த பிறகுதான் தெரிந்தது. போச்சு!

அவன் வெட்டவில்லை. ஓரத்துச் சிப்பாய் ஒன்றைத் தள்ளிவிட்டு, மெல்ல, "டிரா?" என்றான்.

அவள் முகம் சிவந்தது. "பாவம் பாக்குறீங்களா?"

"இல்லங்க, நான்..."

"எங்க அண்ணனுக்காக ஒண்ணும் நீங்க எனக்குப் பிச்சை போட வேணாம்!"

அதற்குள் சங்கத்துக் காவலாளி கதவில் எட்டிப் பார்த்து, ஹவுராவிலிருந்து போன் என்று வங்காளியில் கத்தினார். "வசுமதி திதி! ஹவுரா தேகே ஃபோன்!"

அவள் எழுந்தாள். தலைவர் குறுக்கே கையை நீட்டினார். நடுவரும் அவரே. "ஆட்டத்தின் நடுவில் போனா? போர்க்களத்தில் ஜவானுக்கு போன் வருமா அம்மா?"

"அந்த ஜவானைப் பத்தின போன்தான்பா அது!" ஜெய்ராம் எழுந்துவிட்டான். "வழி விடுங்கோ!"

வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்ரீனிவாசராகவன் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் விட்டார்.

அவள் ஓடினாள். அவளுடைய கடிகாரம் மட்டும் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. நேரம் தீர்ந்தால் ஜெயிப்பது ஜெய்ராம்தான். தீரக்கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்ததும் அவன்தான்.

கதவு திறந்தது. கன்னமெல்லாம் ஈரம்.

"இருக்கான்..." என்றாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. "கால்ல குண்டு உரசிட்டுப் போயிருக்காம். ஆஸ்பத்திரியிலேர்ந்து அவனே பேசியிருக்கான். ரசத்துல உப்பே இல்லையாம்... அம்மாகிட்ட கம்ப்ளெயிண்ட் பண்ணியிருக்கான்!"

பிடித்துவைத்திருந்த மூச்சு அப்போதுதான் அவனிடமிருந்து வெளியே வந்தது. வெளியே மழை கூடக் கொஞ்சம் மென்மையாகிவிட்டது போலிருந்தது.

உட்கார்ந்தாள். பலகையைப் பார்த்தாள். கோபம் ஞாபகம் வந்தது.

"நீங்க டிரா கேட்டீங்கள்ல..."

"இன்னும் நிக்கறது. நீங்க பிச்சைதான் வேணாம்னீங்க, டிராவை இல்ல. காயையும் தொடல. விதிப்படி நான் அதை வாபஸ் வாங்க முடியாது."

"பாவம் பாத்துக் கேட்டிருந்தா வேணாம்."

"பாவமா?" அவன் காது வரை சிவந்தான். "உங்க ராணி வெட்டுல நின்னதே நீங்க ஓடினதுக்கு அப்புறம்தாங்க என் கண்ணுல பட்டுது. அதுவரைக்கும் நான் பலகையைப் பாத்தாத்தானே..."

"அப்ப எதைப் பாத்தீங்க?"

"உங்களைத்தான்... ஆட்டம் சீக்கிரம் முடிஞ்சா உங்ககூடப் பேசலாமேன்னுதான் டிராவே கேட்டேன்."

"ராணியையே பார்க்கவில்லையா?!" பின்னாலிருந்து ஜவான் படையின் தளபதி அலறினார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வசுமதி கடிகாரத்தை நிறுத்தினாள். கையை நீட்டினாள்.

"டிரா," என்றாள்.

டிரா ஆனால் கைகுலுக்க வேண்டும் என்பது வழக்கம். எப்போது விட வேண்டும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை...